மார்ச் மாத ரத்தம்

எஸிவேனி
4 செப்டம்பர் 2016

அன்புள்ள ஃபிக்கிலே அத்தைக்கு,

இங்கே அம்மாவும் நானும் இரண்டு ஆடுகளும் ஒன்பது கோழிகளும் நலம். பத்தாவது கோழியைக் கழுகு கொண்டுபோய்விட்டது. டர்பனில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் பேச மேட்டுக்கு ஏற வேண்டும். அம்மாவும் கூடவே ஏறி வந்து காதை ஒட்டவைத்துக்கொள்வாள். எனக்கோ நிறையக் கேள்விகள் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஆய்வுக் குழுவின் வண்டியிலேயே கடிதம் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டுநர் பெக்கானி மாமா, "ரத்தப் பெட்டியில வச்சா உன் கடுதாசிக்கும் நம்பர் ஒட்டிருவாங்க, சட்டைப் பையிலயே வச்சுக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை அம்மாவிடம் ரத்தம் எடுத்தார்கள். அம்மா வழக்கம்போல வீட்டுக்குள் இம்பெபோ மூலிகைப் புகை போட்டு, தன் ரத்தம் எங்கே போகிறது, எந்த வண்டியில் போகிறது, யார் வாங்கி வைப்பார்கள் என்று முன்னோரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உடம்பிலிருந்து ஒன்று வெளியே போனால் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அதுவரை வண்டி காத்து நின்றது. "மாஷாண்டு, பிரேக்கையும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க" என்று பெக்கானி மாமா வெளியிலிருந்து அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். அம்மா அதையும் சேர்த்துச் சொன்னாள்.

வகுப்பில் இந்த மாதம் மரபணுப் பாடம். எச்.ஐ.வி. தொற்றியும் மாத்திரை இல்லாமலே அதை அடக்கிவைக்கும் ஆட்கள் உலகில் மிகக் குறைவு என்று மிஸ் ம்லாம்போ சொன்னார். இந்த வகுப்புக்குப் பின்னால் இருக்கும் சமையல்கட்டில் அவர்களில் ஒருத்தியான என் அம்மாதான் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். கையைத் தூக்கவில்லை.

அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. அதே வைரஸ்தான் அம்மாவிடமும் இருக்கிறது. அப்பாவால் முடியாதது அம்மாவின் ரத்தத்தால் மட்டும் எப்படி முடிகிறது? அது மரபணுவால்தான் என்றால், அந்த மரபணு என்னிடமும் இருக்குமா? விவரமாக எழுதுங்கள், நான் சின்னப் பிள்ளை இல்லை.

உங்கள் முழங்காலைக் குளிரில் காட்டாதீர்கள்.
உங்கள் அண்ணன் மகள்,
லொண்டேக்கா


டர்பன்
25 செப்டம்பர் 2016

லொண்டேக்கா கண்ணே,

முழங்கால் இருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது. கழுகுக்கு என் விசாரிப்பைச் சொல்.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் தன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் துண்டு துண்டாக வாசலில் பிடித்துக் காட்டிக்கொண்டே இருக்கும். காவல் அணுக்கள் போகிற போக்கில் அதைப் பார்க்கும். திருடன் புகுந்திருந்தால் அவனுடைய துண்டு ஒன்று வாசலில் தெரியும். எந்தத் துண்டைக் காட்டுவது என்பதைத் தாய் தந்தையிடமிருந்து வந்த மரபணு முடிவு செய்கிறது. பெரும்பாலோரின் அணுக்கள் திருடனின் சட்டையைக் காட்டும். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு தப்பிவிடுவான். உன் அம்மாவின் அணுக்கள் காட்டுவது அவனுடைய முதுகெலும்பை. அதை மாற்றினால் அவன் நொண்ட வேண்டியதுதான். உன் அப்பாவுக்கு, என் அண்ணனுக்கு, அந்த மரபணு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். உனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இன்னொரு செய்தி. இந்த மாதத்திலிருந்து நாடு முழுக்கப் புது விதி: தொற்று உள்ள எல்லோருக்கும், நோய் தெரியாவிட்டாலும், மாத்திரை. அண்ணி உடனே கிளினிக்குப் போகட்டும். எங்கள் டாக்டரும் அதையேதான் சொல்கிறார். மாத்திரை தொடங்கினால் ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு ஒடுங்கிவிடும், அதோடு காவல் அணுக்கள் போடும் சண்டையை எங்களால் இனிப் பார்க்க முடியாது. மார்ச்சில் நிறைய ரத்தம் எடுத்துப் பெரிய சோதனை ஒன்று செய்ய இருந்தோம். போகட்டும். சண்டையைவிட ஆள் முக்கியம்.

நன்றாகப் படி. அண்ணிக்கு என் அன்பு.
அத்தை


எஸிவேனி
16 அக்டோபர் 2016

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். மழை இன்னும் வரவில்லை. முதுகெலும்பு விஷயத்தை நான்கு முறை படித்தேன்.

அம்மா புதன்கிழமை கிளினிக்குப் போனாள், நானும் போனேன். வரிசையில் பக்கத்து வீட்டு மாகுமேடே பெரியம்மா இருந்தார். அவர் ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார்.

"அடடே, ராஜ ரத்தம் இன்னிக்கு வரிசைக்கு வந்திருக்கு. தள்ளி நில்லுங்கடி, வண்டி வச்சு ரத்தம் எடுக்கற அம்மா வர்றாங்க" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"நீயும் குடுக்கறதுன்னா குடு. உன் ரத்தத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க எறும்புக்குக்கூட ஆசை இல்ல" என்றாள் அம்மா.

மாத்திரை டப்பா வீட்டில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

ஒரு கேள்வி, பொதுவாகத்தான் கேட்கிறேன். ஒருவர் மார்ச் மாதம் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைத் தொடங்கினால், அந்த ரத்தம் ஆராய்ச்சிக்கு ரொம்பப் பயன்படும், இல்லையா? அதனால் உலகத்தில் மற்றவர்களுக்கு மருந்து கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லொண்டேக்கா


டர்பன்
30 அக்டோபர் 2016

லொண்டேக்கா,

எல்லோரும் சுகம்தானே. உன் பொதுக் கேள்விக்குக் குறிப்பாகவே பதில் சொல்கிறேன். மார்ச்சுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாளா?

அத்தை


எஸிவேனி
13 நவம்பர் 2016

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது, வேலை அதிகம் போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒவ்வொரு மாதமும் தவறாமல் போய் மாத்திரை வாங்கி வருகிறாள். ஒரு தேதிகூடத் தப்பவில்லை. அட்டையில் நர்ஸ் போட்ட கையெழுத்தை நானே பார்த்தேன். மழை வந்துவிட்டது, பூசணி விதை போட்டோம். பரீட்சையில் உயிரியலுக்குத் தொண்ணூற்று நான்கு. மிச்சம் ஆறு எங்கே போயிற்று என்று மிஸ் ம்லாம்போவிடம் கேட்டேன், "அதை அடுத்த வருஷத்துக்கு வச்சிருக்கேன்" என்றார்.

டர்பனில் உங்கள் ஆய்வுக்கூடத்தை நான் எப்போது பார்க்கலாம்?

அன்புடன்,
லொண்டேக்கா


எஸிவேனி
15 ஜனவரி 2017

அன்புள்ள அத்தைக்கு,

புது வருட வணக்கம். நீங்கள் நலமா? நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் இல்லை. பெக்கானி மாமாவிடம் மூன்று தடவை கேட்டேன். "உங்க அத்தை வேலைக்கு வர்றா, சாப்பிடறா, கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஏன் எழுதலைன்னு என்னைக் கேட்டா?" என்றார். போனில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறீர்கள். அம்மா "எல்லாம் நல்லாருக்கு" என்கிறாள், நீங்களும் வைத்துவிடுகிறீர்கள்.

எல்லாம் நன்றாக இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அம்மாவின் இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியது. பெல்ட் கட்டியதுபோல ஒரு பக்கம் முழுவதும் கொப்புளம். ரவிக்கை பட்டால்கூட முனகினாள். அடுப்பு வெக்கை என்கிறாள். பள்ளி விடுமுறை, ஐந்து வாரமாகச் சமையல்கட்டு பூட்டித்தான் இருந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, இரண்டு ஊக்கு குத்தியிருக்கிறாள்.

அத்தை, வைரஸின் முதுகெலும்பைக் காட்டும் மரபணு உள்ளவர்களுக்கு அக்கி வருமா? இதுவும் பொதுக் கேள்விதான்.

லொண்டேக்கா


டர்பன்
22 ஜனவரி 2017

லொண்டேக்கா கண்ணே,

நலம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மௌனத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் எங்களிடம் வரும் ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று நாங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. ஆனால் அண்ணியின் முதல் குழாயில் எண் ஒட்டியதே நான்தான், 2005-ல், அப்போது நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த எண்ணை மறக்க எனக்குத் தெரியவில்லை. நவம்பரில் அது என் மேசைக்கு வந்தது. செப்டம்பரில் எடுத்த ரத்தம். வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். நான் பார்த்தேன்.

வைரஸ் முதுகெலும்பை மாற்றிக்கொண்டுவிட்டது. முதலில் நொண்டியிருக்கும், பிறகு நொண்டாமல் நடக்க இன்னும் இரண்டு இடங்களையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்தது வெளியே வந்துவிட்டது. காவல் அணுக்கள் பாதிக்கும் கீழே.

எங்கள் டாக்டர் உடனே கிளினிக்குக் கடிதம் எழுதினார். அவர்கள், "மாஷாண்டு அக்டோபரிலிருந்தே மாத்திரை வாங்குகிறார்" என்று பதில் போட்டார்கள். நீயும் அதையே எழுதியிருந்தாய். சரி, மருந்து பார்த்துக்கொள்ளும், நான் எட்டிப்பார்த்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு பொய்யிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எழுந்துவிடுவேன்.

மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு இப்போது இப்படி அக்கி வருகிறது, அவள் இப்படி இளைக்கிறாள் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் நவம்பர்க் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வாங்கி வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். சாப்பிடுகிறாள் என்று எங்கேயும் எழுதவில்லை.

உள்ளதை எழுது. உன்னைத் திட்ட மாட்டேன்.
அத்தை


எஸிவேனி
26 ஜனவரி 2017

அத்தை,

வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது, டர்பன் போகும் டாக்சியில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. நான்கு டப்பாவும் திறக்காமல் என் புத்தகப் பெட்டிக்குள் இருக்கின்றன. நான்தான் வேண்டாம் என்று சொன்னேன்.

அக்டோபரில் கிளினிக்கிலிருந்து வந்த அன்று உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மாத்திரை தொடங்கினால் சண்டையைப் பார்க்க முடியாது" என்பதை இரண்டு தடவை படித்தேன். "சண்டையைவிட ஆள் முக்கியம்" என்பதைப் படிக்கவில்லை. நீங்கள் பெருந்தன்மையால் அப்படி எழுதினீர்கள் என்று நினைத்தேன்.

"மார்ச் வரைக்கும் பொறுத்துக்கோம்மா. பன்னெண்டு வருஷம் தாங்கின ரத்தம் இன்னும் அஞ்சு மாசம் தாங்காதா?" என்றேன்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமாடி?"

"நூலகத்துப் புத்தகத்துல இருக்கு. உன்ன மாதிரி ஆளுங்க ரத்தத்தை வச்சுத்தான் மருந்தே வரப்போகுது."

அம்மா டப்பாவை என் கையில் கொடுத்தாள். "சரி, நீ படிச்சவ" என்றாள். அத்தை, அந்தப் புத்தகம் நான் பிறப்பதற்கு முன்னால் அச்சடித்தது.

உங்கள் கடிதம் வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். நான் சொன்னது தப்பு, இன்றைக்கே போட்டுக்கொள் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் எட்டிப்பார்த்தது தெரிந்துவிடும். இப்போது அம்மா கேட்க மாட்டேன் என்கிறாள்.

"மார்ச்சுன்னு சொன்னே, மார்ச்சுதான். இன்னும் அஞ்சே வாரம். வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

"யாரும்மா வாக்குக் கேட்டா?"

"டாக்டரம்மா டர்பன்லேருந்து வந்து, என் கையப் பிடிச்சு, 'மாஷாண்டு, உங்களுக்கு நன்றி'ன்னு சொல்றாங்க. இந்த ஊர்ல நான் அவரைக்கொட்டை வேகவைக்கிறதுக்கு யாராவது நன்றி சொன்னதுண்டா? உங்கப்பன் போனப்ப என்னைத்தான் எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. இந்த ரத்தம்தான் என்னைத் தலை நிமிர வச்சுது. அதைப் போய் மாத்திரை போட்டு மழுங்க வைக்கச் சொல்றியா?"

நேற்று ஆட்டைக் கட்டப் போனவள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் உங்கள் வேலை போய்விடுமா? எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் தடவையாகப் புத்தகத்தில் தேடவும் தோன்றவில்லை.

லொண்டேக்கா


டர்பன்
28 ஜனவரி 2017

லொண்டேக்கா, இது அண்ணிக்கு. ஒரு வரியும் விடாமல் படித்துக் காட்டு.

அன்புள்ள அண்ணி,

உங்கள் இடுப்பு வலி எனக்குத் தெரியும். போனில் "நல்லாருக்கேன்" என்று நீங்கள் சொல்லும்போது மூச்சு வாங்கியதும் தெரியும்.

நான் செய்யக் கூடாததைச் செய்தேன். உங்கள் ரத்தத்தைப் பார்த்தேன். இன்று காலை எங்கள் டாக்டரிடம் போய் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி ரத்தக் குழாய்கள் என் கைக்கு வராது, காகித வேலை கொடுத்திருக்கிறார்கள். வேலை மிச்சமா என்பது பிறகு தெரியும். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். டாக்டர் வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து முடிவுகளை முறைப்படி சொல்வார். அதுவரை என்னால் காத்திருக்க முடியவில்லை, முதலில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வைரஸ் உங்கள் ரத்தத்தை ஏமாற்றிவிட்டது. இனி அது தானாக அடங்காது. மார்ச்சுக்காக நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கும் அந்த ரத்தம் இப்போது இல்லை, அண்ணி. போன வருடமே போய்விட்டது. நீங்கள் காத்திருப்பது எங்களுக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை.

பன்னிரண்டு வருடம் நீங்கள் கொடுத்ததிலிருந்து நாங்கள் கற்றது கற்றதுதான். உங்கள் ரத்தம் தோற்றதால் அது அழியாது. அது எப்படித் தோற்றது என்பதையும் நீங்கள்தான் எங்களுக்குக் காட்டியிருக்கிறீர்கள். டாக்டர் உங்கள் கையைப் பிடித்தது ரத்தத்துக்காக மட்டும் என்றா நினைத்தீர்கள்? அவரிடம் இன்று எல்லாம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அவங்க இப்ப நடக்கறாங்களா?" என்பதுதான்.

பிள்ளையைக் கோபிக்காதீர்கள். அந்த வரியை யோசிக்காமல் எழுதியவள் நான். ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஆராய்ச்சியின் ஆசையைப் பாதியும் எச்சரிக்கையைப் பாதியும் கொடுத்தால் எதை எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அண்ணன் படுத்திருந்தபோது இந்த நாட்டில் எங்களுக்குக் கொடுக்க மாத்திரை கிடைக்கவில்லை. உங்களுக்கு நான்கு டப்பா இருக்கிறது. எனக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
ஃபிக்கிலே


எஸிவேனி
19 பிப்ரவரி 2017

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வேலை தங்கியது என்று பெக்கானி மாமா சொன்னார். அவர் சொன்னதும் நான் வண்டியின் டயரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். "காத்து இறங்கிரும், எந்திரி" என்றார். உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறுகிறதா?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரியும் விடாமல் படித்தேன். "போன வருடமே போய்விட்டது" என்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"என்கிட்ட சொல்லாமலே போயிருச்சா" என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். மாத்திரை தொடங்குவதற்கு முன் நெஞ்சில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். தன் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாள். மறுநாள் நாங்கள் நடந்தே போனோம், நான்கு இடத்தில் உட்கார்ந்து.

வரிசையில் மாகுமேடே பெரியம்மா இருந்தார். அம்மா ஊக்கு குத்திய பாவாடையோடு கடைசியில் போய் நின்றாள். பெரியம்மாவின் வாய்க்குப் பயந்து நான் அம்மாவை மறைத்தாற்போல முன்னால் நின்றேன். அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த பெண்ணை இடித்து நகர்த்தி இடம் பண்ணினார்.

"வந்து உக்காரு, மாஷாண்டு. எலும்பெல்லாம் தெரியுது. இவ்வளவு நாள் என்ன பண்ணினே?"

"திமிரு பண்ணினேன்" என்றாள் அம்மா.

"அது எனக்கும் ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஏழு வருஷம் முந்தி என்னை இங்க தூக்கிட்டுல்ல வந்தாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. மொத மாசம் கனவு பயங்கரமா வரும். மாத்திரையோட வேலை அது, நர்ஸே சொல்லிருக்கா. என் கனவுல செத்துப்போன மாமியா வந்து, தினமும் பீர் காய்ச்சச் சொன்னா. காய்ச்சிக் காய்ச்சி காலைல கை வலிக்கும். பயந்து நிறுத்திராதே. என்கிட்ட வந்து சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு வந்தது: காசநோய் இல்லை. அன்றைக்கே அம்மா முதல் மாத்திரையைப் போட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணை எடுடி, கண்ணு படப்போகுது" என்றாள்.

லொண்டேக்கா


எஸிவேனி
19 மார்ச் 2017

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்: அம்மா முப்பத்தேழு மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், ஒன்றுகூட விடவில்லை. இடுப்பில் அக்கி காய்ந்து வடுதான் இருக்கிறது. ஆட்டைக் கட்டத் தானே போகிறாள். ரத்தம் உள்ளே எப்படி இருக்கிறது என்பது ஆகஸ்ட் சோதனையில்தான் தெரியும் என்று நர்ஸ் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது என்று எழுதப் பழகிக்கொள்கிறேன்.

என் மேல் கோபமா என்று அம்மாவிடம் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "இருக்கு. களைச் செடியெல்லாம் பிடுங்கு, கொஞ்சம் குறையும்" என்றாள். தோட்டம் முழுக்கப் பிடுங்கினேன். சாயங்காலம் சூடாகச் சோளக்களியும் புளித்த பாலும் எனக்கு முதலில் போட்டாள்.

கனவு வந்தது. முதல் வாரம் பள்ளிச் சமையல்கட்டில் அவரைக்கொட்டைப் பானை பேசியதாம். பிறகு ஒரு நாள் அப்பா வந்து, தன் தொப்பியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினாராம். அம்மாவும் சேர்ந்து தேடினாளாம். "கெடைச்சுதா?" என்று கேட்டேன். "எங்க விட்டாங்க, கோழி கூவிருச்சு" என்று சிரித்தாள்.

தினமும் காலையில் மாகுமேடே பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிக் குவளையோடு வந்து நிற்கிறார். "ராத்திரி என்ன படம்?" என்பார். அம்மா சொல்வாள். இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

ஈஸ்டருக்கு நீங்கள் வருவதாக அம்மா சொன்னாள். குழு வண்டியில் வேண்டாம், டாக்சியில் நாத்தனாராக வரச் சொன்னாள்.

இந்த வாரம் கனவு நின்றுவிட்டது. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டதாம். நேற்றுக் காலையும் பெரியம்மா குவளையோடு வந்து நின்றார். "என்ன படம்?" என்றார். அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு வேலியில் சாய்ந்துகொண்டு, "ஐயோ, அதை ஏன் கேக்கறே" என்று ஆரம்பித்து ஒரு முழுக் கனவையும் நின்ற இடத்தில் கட்டிச் சொன்னாள்.

உங்கள் அண்ணன் மகள்,
லொண்டேக்கா